பொன்னாடைக்கு அடகுக் கடையில் மதிப்பு இல்லை! ஆடி பிறந்தால் திண்டாடும் வாத்தியக்காரர்கள்

சென்னை, ஜூலை 16–

நாளை ஆடி பிறக்கிறது.

ஜவுளிக்கடைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். தள்ளுபடி போர்டு மாட்டியாகி விட்டது. அம்மன் கோவில்களில் கூழ் ஊற்றப் பந்தல் போட்டாகி விட்டது.

ஆனால் சென்னையில் ஒரு கூட்டத்துக்கு மட்டும் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. கல்யாணத்தை நம்பிப் பிழைக்கும் வாத்தியக்காரர்கள்தான் அவர்கள்!

நாயனக்காரர், தவில்காரர், ரிசப்ஷனில் சினிமாப் பாட்டு பாடும் ஆர்க்கெஸ்டிராக்காரர், ஊர்வலத்துக்கு வரும் பேண்டு வாத்தியக்காரர் எல்லோருக்கும் ஒரே கதைதான். வைகாசியில் போன் அடித்துக் கொண்டே இருக்கும். ஒரே நாளில் வடபழனியில் ஒரு முகூர்த்தம், தாம்பரத்தில் ஒரு ரிசப்ஷன் என்று ஓடுவார்கள். ஆடி 1-ந் தேதி போன் வாயை மூடிக் கொள்ளும்.

ஆடி மட்டும் என்றால் பல்லைக் கடித்துக் கொண்டு சமாளிக்கலாம். புரட்டாசியில் பெரும்பாலான வீடுகளில் கல்யாணம் வைப்பதில்லை. மார்கழியில் கிடையவே கிடையாது. ஆக வருஷத்துக்கு 3 மாதம் ஈரத்துணிதான்.

வீட்டுக்காரர் அந்த 3 மாதமும் வாடகை வாங்காமல் இருக்கிறாரா? பள்ளிக்கூடம் பீஸ் கேட்காமல் இருக்கிறதா?

32 ஆயிரம் எங்கே போச்சு?

ஒரு கணக்கைப் பாருங்கள். உதாரணத்துக்குச் சொல்லும் கணக்குதான். ஆனாலும் மேளக்காரர் யாரைக் கேட்டாலும் “நம்ம வீட்டுக் கணக்கு மாதிரியே இருக்கே” என்பார்.

இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒரு தாளம். மாப்பிள்ளை அழைப்பும் மறுநாள் முகூர்த்தமும் சேர்த்து 25 ஆயிரம் ரூபாய்க்குப் பேசி முடிக்கிறார்கள். கல்யாண வீட்டார் நினைப்பது என்ன? “ஐந்து பேர். ஆளுக்கு 5 ஆயிரம். இரண்டு நாளில் நல்ல சம்பாத்தியம்!”

ஆனால் நடப்பது வேறு. வேன் வாடகை 4 ஆயிரம். கல்யாணத்தைப் பிடித்துக் கொடுத்த காண்டிராக்டருக்கு 2,500. தாளத்துக்கு 1,500. மீதி 17 ஆயிரம். செட்டுக்குத் தலைவரான நாயனக்காரருக்கு 5 ஆயிரம். மற்ற மூவருக்கும் ஆளுக்கு 4 ஆயிரம்.

அந்த 4 ஆயிரம் வாங்கும் தவில்காரரை எடுத்துக் கொள்ளுங்கள். வைகாசியில் 8 முகூர்த்தம் கிடைத்தால் 32 ஆயிரம்! கையில் புது நோட்டு. கூடவே பொன்னாடை, தேங்காய்ப் பை, ஜாக்கெட் துணி. வீட்டில் எல்லோருக்கும் புதுத்துணி. தங்கச்சி மகளுக்கு மோதிரம். நண்பர்களுக்கு விருந்து. கேட்டவனுக்கெல்லாம் ஆயிரம், ஐந்நூறு கைமாற்று!

இங்கேதான் கோளாறு.

வருஷம் முழுக்க அவருக்கு 45 கல்யாணம் கிடைத்தால் மொத்தம் 1 லட்சத்து 80 ஆயிரம். 12-ஆல் வகுத்தால் மாதம் 15 ஆயிரம். ஆக வைகாசியில் கைக்கு வந்த 32 ஆயிரத்தில் அவருடைய பணம் 15 ஆயிரம்தான். மீதி 17 ஆயிரம் ஆடிக்கும் புரட்டாசிக்கும் சொந்தம்!

அதையும் சேர்த்துச் செலவழித்து விட்டால், தன் பாக்கெட்டில் தானே கை விட்ட கதைதான்.

இதில் தோலுக்கும் பங்கு எடுத்து வைக்க வேண்டும். தவில் வெயிலிலும் மழையிலும் படும் பாடு கொஞ்சமல்ல. மூட்டு மாற்ற வேண்டும். நாயனத்துக்குச் சீவாளி வாங்க வேண்டும். மிருதங்கக்காரருக்குக் கச்சேரி வர வர வலந்தலை தேய்கிறது. கரணை போய் விட்டால் வேறு வழியில்லை, செலவுதான். கீபோர்டுக்காரர் பாடு இன்னும் மோசம். புது மாடல் வந்தால் பழசின் விலை பாதியாகி விடும். தவணையோ ஆடி, மார்கழி பார்க்காது. மாதம் 5-ந் தேதி ‘டாண்’ என்று பாங்கில் பிடித்துக் கொள்வார்கள்.

“மாமாவைப் பாருங்க!”

வந்த பணத்தைச் செலவழிப்பது ஒரு கஷ்டம். வர வேண்டிய பணத்தை வாங்குவது அதைவிடப் பெரிய கஷ்டம்.

கெட்டிமேளம் கொட்டியாகி விட்டது. தாலி ஏறியாகி விட்டது. பந்தி முடிந்தது. நாயனக்காரர் பெண்ணின் அப்பாவிடம் போய்த் தயங்கித் தயங்கி நிற்கிறார்.

“மேளத்துக்கெல்லாம் மச்சான்தாங்க பொறுப்பு. அவரைப் பாருங்க.”

மச்சான் மாடியில் இருக்கிறார். மாடி ஏறினால், “பணப்பை மாமாகிட்ட இருக்கு. மாமாவைப் பாருங்க!”

மாமா சமையல்காரருடன் வாழை இலைக் கணக்கில் சண்டை போட்டுக் கொண்டிருப்பார். அங்கே போய் நின்றால் பேசிய தொகையில் ஆயிரம் குறையும். “காலையிலே அரை மணி லேட்டா வந்தீங்களே!” என்று ஒரு காரணமும் கிடைக்கும்.

இதில் அடிபட்டுத் தேறியவர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். அச்சாரம் பாதி. மீதியை முகூர்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி, மாப்பிள்ளை அழைப்பு முடிந்ததும் வாங்கி விடுவது. “பெரியவரே, காலையிலே நீங்க ரொம்ப பிசியா இருப்பீங்க. கணக்கை இப்பவே முடிச்சுட்டா உங்களுக்கும் நிம்மதி” என்று மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. தேதி, நேரம், தொகை, வேன் செலவு யாருடையது என்று நாலு வரி செல்போனில் எழுதி அனுப்பி, “சரி” என்று பதில் வாங்கிக் கொண்டால் பின்னால் வாய்ச்சண்டை இல்லை.

அரசியல் மேடை என்றால் இன்னும் உஷார் வேண்டும். எந்தக் கட்சி ஆனாலும் சரி. தலைவர் வரும்வரை பாட்டுக்காரர்தான் கூட்டத்தைக் கட்டிப் போட வேண்டும். தலைவர் கார் புறப்பட்டதும் பணம் கொடுக்க வேண்டியவர் காரும் புறப்பட்டு விடும். மேடை ஏறுவதற்கு முன் வாங்கினால்தான் உண்டு!

அச்சாரத்தில் இன்னொரு ஆபத்து. ஆவணி கல்யாணத்துக்கு ஆடியில் அச்சாரம் வாங்கி அரிசி, பருப்பு வாங்கி விடுகிறார்கள். ஆவணியில் வாசிக்கப் போகும்போது பாதிச் சம்பளம் ஏற்கெனவே ஜீரணமாகி விட்டிருக்கும். நடுவில் கல்யாணம் நின்று போனால்? அச்சாரத்தைத் திருப்பிக் கேட்டு வாசலில் ஆள் வந்து நிற்பான்.

பத்து வட்டி!

ஆடி 10-ந் தேதி வாக்கில் அடகுக் கடைப் படி ஏறுகிறார்கள். முதலில் மோதிரம். பிறகு மனைவியின் தோடு. சில வீடுகளில் வாத்தியமே போகிறது. தொழில் கருவியை அடகு வைத்தவன் ஆவணியில் எதை வைத்து வாசிப்பான்? இரவல் தவில்தான். இரவலுக்கும் வாடகை!

நகை இல்லாதவர்கள் சிக்குவது கந்து வட்டியில். “பத்து வட்டி” என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். கேட்பதற்குச் சின்னதாகத்தான் இருக்கிறது. நூற்றுக்கு மாதம் 10 ரூபாய். வருஷத்துக்கு 120 சதவீதம்!

20 ஆயிரம் கேட்டால் முதல் மாத வட்டியைப் பிடித்துக் கொண்டு 18 ஆயிரம்தான் கையில் வரும். பிறகு மாதாமாதம் 2 ஆயிரம். 10 மாதத்தில் 20 ஆயிரம் கட்டியாகி விட்டது. அசல்? அப்படியே இருக்கிறது, ஒரு பைசா குறையாமல்!

கந்து வட்டி, மீட்டர் வட்டி வாங்குவது குற்றம். 2003-ல் தமிழக அரசு இதற்காகவே சட்டம் கொண்டு வந்தது. போலீசில் புகார் செய்யலாம். ஆனால் அவசரத்துக்கு அடுத்த தெருவிலேயே ஆள் கிடைக்கும்போது சட்டத்தை யார் நினைக்கிறார்கள்? நகை இருந்தால் தனியார் வட்டிக்கடைக்குப் போகாமல் பாங்கிலோ கூட்டுறவு சங்கத்திலோ வைத்தால் வட்டி எவ்வளவோ குறைவு. இது தெரிந்தும் “பாங்கில் பாரம் எழுதச் சொல்வான்” என்று பயந்து ஓடுபவர்கள் அநேகம்.

அடகுக் கடைக்காரர் தோட்டை உரசிப் பார்க்கிறார். மோதிரத்தை எடை போடுகிறார். பீரோ நிறைய பொன்னாடை இருக்கிறதே, அதற்குக் காலணா தருவாரா?

தனக்குத் தானே சம்பளம்

இந்தத் தொழிலில் தலை தப்பியவர்கள் செய்த காரியம் ஒன்றும் பெரிய வித்தை அல்ல. இரண்டு பாங்குக் கணக்கு. வருகிற பணம் எல்லாம் முதல் கணக்கில். அதிலிருந்து மாதம் முதல் தேதி ஒரு தொகை, மேலே சொன்ன தவில்காரர் என்றால் 14 ஆயிரம், இரண்டாவது கணக்குக்குப் போகும். வீட்டுச் செலவு அதற்குள்தான். வைகாசியும் 14 ஆயிரம், ஆடியும் 14 ஆயிரம். குறைத்துக் கொண்ட அந்த ஆயிரம் ரூபாய் வருஷத்தில் 12 ஆயிரம் ஆகிறது. தோல், சீவாளி, மருத்துவம் எல்லாம் அதில்.

முதல் கணக்கின் ஏ.டி.எம். கார்டு வீட்டுக்காரி கையில் இருந்தால் உத்தமம்! பல வீடுகளில் அவர்கள்தான் நிதி மந்திரி. கணவரை விட நன்றாகவே நடத்துகிறார்கள்.

எத்தனை மாதச் செலவுக்குப் பணம் கையில் இருக்க வேண்டும்? மாதச் சம்பளக்காரருக்கு 3 மாதம் போதும் என்பார்கள். வாத்தியக்காரருக்குப் போதாது. 2020 மார்ச் 25-ந் தேதி ஊரடங்கு வந்தது. சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் மொத்தமும் போச்சு. நாலு பேரை வைத்து நடந்த கல்யாணங்களில் செல்போனிலேயே கெட்டிமேளம் கொட்டித் தாலி கட்டினார்கள். கோவில் திருவிழாவும் இல்லை. 2021 வைகாசியிலும் அதே கதை. தவிலைத் துணி போட்டு மூடி விட்டுக் காய்கறி விற்கப் போனவர்கள் உண்டு. அந்த அனுபவத்தைப் பார்த்தவர்கள் 6 மாதம் என்கிறார்கள். ஒரே நாளில் சேராது. ஒவ்வொரு கச்சேரியிலும் பத்தில் ஒரு பங்கு என்று எடுத்து வைத்தால் சேரும்.

ஏலச்சீட்டில் போட்டு வைக்கலாமா? போடலாம். ஆனால் 1982-ம் வருஷ சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு பெற்ற கம்பெனியா என்று பார்த்துப் போட வேண்டும். தெரிந்த அக்கா நடத்துகிறார், தீபாவளிச் சீட்டுக்கு குத்துவிளக்கு தருகிறார் என்று போட்டால், ஐப்பசி வரும்போது அக்கா வீட்டில் பூட்டுதான் தொங்கும்.

ஹால் காலியானது

கல்யாண மேளத்துக்குத்தான் இந்தக் கஷ்டம், சினிமாவில் வாசிப்பவர்களுக்கு என்ன என்று கேட்கலாம்.

ஒரு காலத்தில் கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம் வட்டாரத்தில் வயலின் பெட்டியோடு போகிறவருக்குத் தனி மதிப்பு. ரிக்கார்டிங் தியேட்டரில் வரிசை வரிசையாக உட்கார்ந்து வாசிப்பார்கள். கால்ஷீட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. காலையும் மாலையும் கால்ஷீட் இருந்த காலத்தில் வீடு வாங்கியவர்கள் உண்டு. அது எப்போதும் இருக்கும் என்று நம்பியவர்களும் உண்டு.

1990-களில் கம்ப்யூட்டர் வந்தது. ஒரு கீபோர்டில் இருபது வயலின்! ஹால் காலியானது. இசை நன்றாக இருக்கிறதா, இல்லையா என்பது வேறு வழக்கு. வயிற்று வழக்கில் தீர்ப்பு ஒரே பக்கம்தான்.

அதில் ஒதுங்கிப் பிழைத்தவர்கள் யார்? மாணவர்கள் வைத்திருந்தவர்கள். பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம் சொல்லிக் கொடுத்தவர்களுக்கு ஆடியும் இல்லை, மார்கழியும் இல்லை. மாதாமாதம் பீஸ். இன்றைக்கு மயிலாப்பூரில் உட்கார்ந்து கொண்டு கம்ப்யூட்டர் வழியாக அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கு அதிகாலையில் சரளி வரிசை சொல்லிக் கொடுக்கிறார்கள். கர்நாடக சங்கீத வட்டாரத்தில் பல வித்துவான்களுக்கு அடுப்பு எரிவது இதில்தான். மார்கழி சீசனில் சபா மேடையில் கிடைக்கும் சன்மானம் இளம் பக்கவாத்தியக்காரருக்கு ஆட்டோ செலவுக்கும் காணாது. பேர் கிடைக்கும். பேரைக் காட்டி மாணவர் சேர்க்கலாம்.

டைட்டிலில் பெயர்!

சினிமாவில் வாசிப்பவர்கள் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று.

2012-ல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. படம் தியேட்டரில் ஓடுவது தவிர, ரேடியோ, டி.வி., ஓட்டல், இன்டர்நெட் என்று பாட்டு வேறு வழியில் சம்பாதித்தால் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு. அந்தப் பங்கைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுக்கவும் முடியாது. பாடகர்களுக்கும் கலைஞர் என்ற முறையில் ராயல்டி உண்டு.

வாசித்தவருக்கு? இங்கேதான் சட்டம் ஒரு கொக்கி போடுகிறது. படத்தில் சின்னதாக, போகிற போக்கில் பங்கு பெற்று, வழக்கப்படி டைட்டிலில் பெயர் போடாத ஆளாக இருந்தால் ராயல்டி விஷயத்தில் அவரைக் கலைஞராகவே எடுத்துக் கொள்வதில்லை!

“பேர் எதுக்கு சார், பேமென்ட் வந்தா சரி” என்று சொல்லும் புல்லாங்குழல்காரர் இதைக் கவனிக்க வேண்டும். பெயர் போடச் சொல்லிக் கேட்பது வீண் ஜம்பம் அல்ல. பின்னால் ஒரு நாள் பங்கு கேட்க அதுதான் சாட்சி.

10 ஆயிரம் போனது எங்கே?

ஓட்டல், கம்பெனி விழாக்களில் பாடும் ஆர்க்கெஸ்டிராக்காரர்களின் பணம் இன்னொரு இடத்தில் மாட்டிக் கொண்டு கிடக்கிறது.

ஒரு விழாக் கம்பெனி வருஷத்தில் 10 நிகழ்ச்சிக்கு ஒரு பாடகருக்கு 1 லட்சம் கொடுக்கிறது என்று வையுங்கள். கைக்கு வருவது 90 ஆயிரம்தான். 10 சதவீதம் வரியாகப் பிடித்து அரசாங்கத்துக்குக் கட்டி விடுகிறார்கள். பான் கார்டு கொடுக்காவிட்டால் 20 சதவீதம்!

“வரி போனது போனதுதான்” என்று பலர் விட்டு விடுகிறார்கள். தப்பு! 2025 ஏப்ரலில் இருந்து, புதிய வரி முறையில் வருஷ வருமானம் 12 லட்சம் வரை வரி இல்லை. பிடித்த 10 ஆயிரமும் திரும்பி வரும். ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்தவருக்குத்தான் வரும்.

அதில் இன்னொரு லாபம். வாத்தியக்காரருக்கு பாங்கில் கடன் கொடுக்க யோசிப்பது ஏன்? சம்பளச் சீட்டு இல்லை. மூன்று வருஷம் விடாமல் ரிட்டர்ன் தாக்கல் செய்திருந்தால் அதுவே சம்பளச் சீட்டு. வீட்டுக் கடன், வாத்தியம் வாங்கக் கடன் எதற்குப் போனாலும் மானேஜர் முதலில் கேட்பது அதைத்தான்.

பல்லும் விரலும்

ஒரு குமாஸ்தாவுக்குப் பல் விழுந்தால் பல் டாக்டரிடம் போவார். நாயனக்காரருக்கு முன் பல் விழுந்தால் சீவாளியில் பிடிப்பு போய் விடும். சம்பாத்தியமும் கூடவே போய் விடும். தவில்காரருக்கு வலது கை மணிக்கட்டு. பாடகிக்குத் தொண்டை. இத்தனை பெரிய சொத்துக்கு ஒரு ரூபாய் இன்சூரன்ஸ் இல்லாமல் ராத்திரி வேனில் திருவண்ணாமலைக்கும் வேலூருக்கும் போய் வருகிறார்கள்!

பாங்கில் வருஷம் 20 ரூபாய் கட்டினால் விபத்து இன்சூரன்ஸ். உயிர் போனாலோ, இரண்டு கையும் போனாலோ 2 லட்சம். ஒரு கை போனால் 1 லட்சம். 436 ரூபாய் கட்டினால் எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம் கிடைக்கும் இன்னொரு திட்டம் இருக்கிறது. 50 வயதுக்குள் சேர வேண்டும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் இருந்தால் முதல்-அமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை வாங்கலாம்.

வயதான பிறகு? 40 வயதுக்குள் இருப்பவர், வரி கட்டாதவர், பாங்கில் அடல் பென்ஷன் திட்டத்தில் சேரலாம். 60-க்கு மேல் மாதம் ஆயிரம் முதல் 5 ஆயிரம் வரை வரும். 18 வயதுப் பையன் 5 ஆயிரம் பென்ஷனுக்கு மாதம் 210 ரூபாய் கட்டினால் போதும். 40 வயதில் சேர்ந்தால் அதே பென்ஷனுக்கு 1,454 ரூபாய்! நாயனம் பிடித்த நாளிலேயே பிள்ளையைச் சேர்த்து விடுகிற அப்பா புத்திசாலி.

தங்கத் தட்டு

பெரிய பெரிய மேதைகளே இந்த விஷயத்தில் சறுக்கி இருக்கிறார்கள்.

எம்.கே.தியாகராஜ பாகவதர் தங்கத் தட்டில் சாப்பிட்டார் என்று கதை கதையாகச் சொல்வார்கள். 1944-ல் வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. அதே வருஷம் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைது. 1947-ல் விடுதலை ஆகி வந்தபோது கையில் இருந்த பட ஒப்பந்தங்கள் போயிருந்தன. பழைய மவுசு திரும்பவில்லை. 1959-ல் சென்னை ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார்.

நாகசுரச் சக்கரவர்த்தி டி.என்.ராஜரத்தினம் பிள்ளை ராஜா மாதிரியே வாழ்ந்தார். வந்ததை வாரி இறைத்தார். 1956-ல் மறைந்தபோது சேர்த்து வைத்த செல்வம் என்று சொல்லும்படி இல்லை.

கே.பி.சுந்தராம்பாளும் அதே காலத்து ஆள்தான். 1935-ல் ‘நந்தனார்’ படத்துக்கு 1 லட்சம் ரூபாய் வாங்கி ஊரையே வாய் பிளக்க வைத்தார். அந்த அம்மா சொந்த ஊரான கொடுமுடியில் சினிமா தியேட்டரே கட்டினார்!

நலிந்த கலைஞர்களுக்குத் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிறது. ராஜா அண்ணாமலைபுரம் பி.எஸ்.குமாரசாமி ராஜா சாலையில் ஆபீஸ். பறை, பம்பை, நையாண்டி மேளக்காரர்களுக்கு நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியம் தனியாக இருக்கிறது. உறுப்பினர் அட்டை எடுத்து, உரிய காலத்தில் புதுப்பித்து வைத்தால்தான் பிள்ளைகள் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் உதவி கேட்க முடியும். அட்டை காலாவதியான பிறகு, ஆபத்து வந்த அன்று ஓடுபவர்கள்தான் அதிகம்.

பம்பைக்காரர்களுக்கு மட்டும் இன்று தூக்கம் இல்லை. நாளை முதல் ஐந்து வாரமும் அம்மன் கோவில்களில் அவர்கள் ராஜ்ஜியம். வெள்ளியும் ஞாயிறும் ஒரே நாளில் இரண்டு கோவில் ஒப்புக் கொண்டு விட்டு, ஆள் கிடைக்காமல் ஊரில் இருந்து மச்சினனை வரவழைக்கிறார்கள். அவர்களுக்கு ஆடிதான் வைகாசி. கை வறண்டு போவது ஐப்பசியில், தீபாவளி நேரத்தில்.